வதந்தி வரும் முன்பே ஊரைத் தயார் செய்வது எப்படி?

2023 மார்ச் முதல் வாரத்தில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தேடித் தேடித் தாக்குகிறார்கள், கொலைகூட நடந்திருக்கிறது என்று வீடியோக்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. இந்தி நாளிதழ்களில் செய்தி வந்தது. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. முதல்வர் நிதீஷ் குமார் ட்விட்டரில் கவலை தெரிவித்தார். தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு உடனே வீடியோ வெளியிட்டு மறுத்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று விளக்கினார். வேறு மாநிலங்களில் நடந்த கொலைக் காட்சிகளும் தமிழ்நாட்டுப் பெயரில் சுற்றிக்கொண்டிருந்தன. தாக்கப்பட்டவர்கள் போலக் கட்டுப் போட்டு ஆட்களை நடிக்க வைத்த ஒரு வீடியோ பாட்னாவிலேயே எடுக்கப்பட்டது என்று பீகார் போலீஸே சொன்னது.

அந்த வருடம் ஹோலி மார்ச் 8ஆம் தேதி வந்தது. ஹோலிக்கு முன்பு வடக்கே போகும் ரயில்களில் எப்போதும் கூட்டம் இருக்கும். அந்தக் கூட்டத்தையே 'தப்பி ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். பார்த்த தாய் தகப்பன்மார் பயந்துபோய் 'உடனே கிளம்பி வா' என்று மகன்களுக்குப் போன் போட்டார்கள்.

இந்தப் பயம் தணிந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். டிஜிபியின் மறுப்பு அவசியமானதுதான், ஆனால் அது மட்டும் போதவில்லை. திருப்பூரிலும் கோவையிலும் அதிகாரிகள் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே போய்ப் பேசினார்கள். இந்தியில் அறிவிப்புகளும் உதவி எண்களும் வந்தன. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு சென்னை, திருப்பூர், கோவை என்று சுற்றி, தொழிலாளர்களையே கேட்டுவிட்டுத் திரும்பியது. தங்கள் மொழியில், தங்களுக்கு நம்பிக்கையானவர் சொன்ன பிறகுதான் பலருக்கு மனம் ஆறியது.

ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் பொய் நின்றுவிடாது. பயந்துபோனவர் யாரை நம்புகிறாரோ, அவர் வாயிலிருந்து உண்மை வர வேண்டும். அந்த ஆளை வதந்தி வந்த பிறகு தேடினால் நேரம் தாண்டிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் பொய்யைக் கண்டுபிடிக்கும் நுணுக்கங்களைவிட, முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய ஏற்பாடுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கம், பள்ளி, பனியன் கம்பெனி, ஊராட்சி வார்டு என எங்கிருந்தும் தொடங்கலாம். நாலைந்து பேர் போதும். பணம் தேவையில்லை.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

தவறான தகவல் எல்லாம் ஒரே வகை இல்லை. தெரியாமல் தப்பாகச் சொல்வது ஒன்று. தெரிந்தே பொய்யைக் கட்டிவிடுவது இன்னொன்று. மூன்றாவது வகை உண்மையான படத்தையோ வீடியோவையோ எடுத்து, இடத்தையும் தேதியையும் மாற்றிச் சொல்வது. நம் போனுக்கு வருவதில் இந்த மூன்றாவது வகை மிக அதிகம். வீடியோ நிஜமாகவே இருப்பதால் 'கண்ணால பார்த்தேனே' என்று சொல்லிவிடுகிறோம். மார்ச் 2023இல் பரவியவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

இதைத் திட்டமிட்டு, ஒரு சமூகத்தைப் பிளக்கும் நோக்கத்தோடு செய்யும்போது அது தகவல் போராகிறது. அதன் பழைய உதாரணம் ஒன்று டெல்லியில் தொடங்கியது. 1983 ஜூலையில் 'பேட்ரியட்' என்ற டெல்லி நாளிதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. பிரபல அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் போட்டிருந்தார்கள். எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவ ஆய்வகம்தான் உருவாக்கியது என்றது கடிதம். 1985 அக்டோபரில் மாஸ்கோவின் 'லிதரதுர்னயா கசெத்தா' என்ற வார இதழ் அதே குற்றச்சாட்டை எழுதி, டெல்லிப் பத்திரிகையை ஆதாரமாகக் காட்டியது. அப்புறம் அது பல மொழிகளில், பல நாடுகளில் செய்தியானது. இந்தப் பிரசாரத்துக்குப் பின்னால் சோவியத் உளவுத்துறை இருந்ததை 1992இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் யெவ்கெனி பிரிமாகோவ் ஒப்புக்கொண்டார்.

பொய் பயணப்பட்ட வழியைப் பாருங்கள். பெயரில்லாத ஒருவர் சொல்கிறார், ஒரு சிறிய பத்திரிகை போடுகிறது, பெரிய பத்திரிகை அதைக் காட்டி எழுதுகிறது. கை மாற மாற மதிப்பு கூடுகிறது, ஆனால் ஆதாரம் கூடுவதே இல்லை. 2023இல் ட்விட்டரிலிருந்து நாளிதழுக்கும், நாளிதழிலிருந்து சட்டமன்றத்துக்கும் போனது இதே பாதையில்தான். எனவே குழுவில் உள்ள எல்லோருக்கும் முதலில் பழக்க வேண்டிய கேள்வி: 'இதை முதல் முதலில் சொன்னது யார்?'

முதல் படி: உங்கள் ஊரின் விரிசல்களை எழுதிப் பாருங்கள்

எந்தப் பொய்யும் எல்லா ஊரிலும் பிடிக்காது. ஏற்கெனவே ஒரு பயமோ சந்தேகமோ மனக்கசப்போ இருக்கும் இடத்தில்தான் பிடிக்கும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக வட தமிழக மாவட்டங்களில் வாட்ஸ்அப் ஆடியோக்கள் சுற்றின. அப்போது சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் காரை நிறுத்தி வழி கேட்டது. அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். மற்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே காலத்தில் நாடு முழுக்கப் பரவிய பிள்ளை கடத்தல் வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. கடத்தியவர் பிள்ளையைத் திருப்பி இறக்கிவிடும் காட்சியையும் கடைசியில் வரும் செய்தியையும் வெட்டிவிட்டுப் பரப்பினார்கள்.

ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். நம் ஊரில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னால் உடனே நம்பப்படும்? வெளியூர்த் தொழிலாளர்கள், தடுப்பூசி, சாதி, மதம், ஏரி உடைப்பு, கூட்டுறவு வங்கிப் பணம், ரேஷன் அரிசி என்று பட்டியல் வரும். கூச்சப்படாமல் எழுதுங்கள். இந்த உட்காரலுக்குச் சம்பந்தப்பட்ட தரப்பினரும் வர வேண்டும். வெளியூர்த் தொழிலாளர்களைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட இல்லாத அறையில் பேசுவதால் பயனில்லை. அவர்களிடம் நம்மைப் பற்றி என்ன வதந்தி சுற்றுகிறது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

இரண்டாம் படி: யார் சொன்னால் யார் நம்புவார்கள்?

மொத்த வேலையில் இதுதான் மிக முக்கியம் என்பேன். நேரம் இல்லாதவர்கள் மற்றதை விட்டாலும் இதை விடக் கூடாது.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு விரிசலுக்கும் எதிரே இரண்டு பெயர்கள் எழுதுங்கள். ஒருவர் உண்மை நிலவரம் தெரிந்தவர். இன்னொருவர் அந்த மக்கள் நம்பும் ஆள். பல நேரம் இருவரும் ஒருவராக இருக்க மாட்டார்கள். தடுப்பூசி என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் அந்தத் தெருத் தாய்மார்கள் நம்புவது கிராம செவிலியரையோ, அங்கன்வாடி டீச்சரையோ, ஜமாத் தலைவரின் மனைவியையோ இருக்கலாம். வெளியூர்த் தொழிலாளர்கள் என்றால் காவல் ஆய்வாளருக்கு நிலவரம் தெரியும். தொழிலாளர்கள் நம்புவது, தங்களோடு அதே மாவட்டத்திலிருந்து வந்து பத்து வருடமாக இங்கே வேலை பார்க்கும் சூப்பர்வைசரை.

இந்த இருவரையும் ஒருமுறையாவது நேரில் சந்திக்க வையுங்கள். டீ குடித்துப் பேசட்டும், நம்பர் மாற்றிக்கொள்ளட்டும். நள்ளிரவில் போன் வந்தால் எடுக்கிற அளவுக்குப் பழக்கம் இருக்க வேண்டும்.

மொழி தெரிந்தவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். இந்தி மட்டும் போதாது. ஒடியா, வங்காளம், அசாமியா பேசுகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மொழி இல்லாததால் வரும் ஆபத்துக்கு இலங்கையில் ஒரு கொடிய உதாரணம் உண்டு. 2018 பிப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில், சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறாயா என்று சிங்களத்தில் மிரட்டிக் கேட்டார்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. பயத்தில் ஆமாம் என்பது போலச் சொன்னார். அந்த வீடியோ பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டி என்று அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கை சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. அதைச் சிங்களத்தில் அன்று மாலையே சொல்ல, அந்த மக்கள் நம்பும் மருத்துவர் ஒருவர் தேவைப்பட்டார்.

மூன்றாம் படி: வாட்ஸ்அப் குரூப்புக்கு விதி வையுங்கள்

இந்தப் படி சுலபமானது. இரட்டை அம்புக்குறி போட்டு வரும் செய்தி பலர் கை மாறி வந்தது, அனுப்பியவர் சொந்தமாக எழுதியது இல்லை என்பதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். 2018இல் பிள்ளை கடத்தல் வதந்தியால் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. இரட்டை அம்புக்குறிச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் வந்தது.

குரூப்பில் மூன்று விதிகள் போதும். இரட்டை அம்புக்குறிச் செய்தியைப் போடுகிறவர் எங்கிருந்து வந்தது என்று கூடவே எழுத வேண்டும். ஒரு சமூகத்தையோ தனி ஆளையோ குற்றம் சாட்டும் வீடியோவை அட்மினிடம் காட்டாமல் போடக் கூடாது. பதற்றமான நேரத்தில் அட்மின்கள் மட்டும் பேசும்படி குரூப்பை மாற்றுவார்கள், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதைச் சாதாரண நாளிலேயே அறிவித்துவிடுங்கள். பதற்றத்துக்கு நடுவில் திடீரென்று வாயை அடைத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற புது வதந்தி கிளம்பும்.

நான்காம் படி: சரிபார்க்கப் பழகுங்கள்

குழுவில் இரண்டு பேராவது இதில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் வேகமாகக் கற்றுக்கொள்வார்கள்.

வீடியோ வந்தால் அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தெளிவான இரண்டு மூன்று இடங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் இங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் பின்னணியைக் கவனியுங்கள்: கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ் சீருடை எப்படி இருக்கிறது, பஸ் என்ன நிறம். ஒலியைக் கூட்டி, பின்னால் பேசுகிறவர்கள் எந்த மொழி பேசுகிறார்கள் என்று கேளுங்கள். 'திருப்பூரில் இன்று' என்று சொல்லும் வீடியோவில் தெலுங்குப் பலகை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இணையதளம் என்றால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து 'பார்க்க நம்பிக்கையாக இருக்கிறதே' என்று யோசிக்காதீர்கள். வெளியே வந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். தொழில்முறையில் தகவல் சரிபார்ப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தமிழில் யூடர்ன் போன்ற உண்மை சரிபார்ப்புத் தளங்களில் அதே செய்தி ஏற்கெனவே அலசப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு குரலை நம்புவது கடினம். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு கட்சித் தலைவர் தேர்தலில் மோசடி செய்வது பற்றிப் பத்திரிகையாளரோடு பேசுவது போன்ற ஆடியோ பரவியது. அது போலி என்று இருவருமே மறுத்தார்கள். ஆனால் வாக்குப்பதிவுக்கு முன் பிரசாரம் தடைசெய்யப்பட்ட நேரம் என்பதால், மறுப்பு எல்லோரையும் எட்டவில்லை. பொய்யைப் பரப்புகிறவர்கள் நேரம் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். கலெக்டர் பேசுகிறார், இன்ஸ்பெக்டர் பேசுகிறார் என்று குரல் பதிவு வந்தால் காதால் எடை போடாதீர்கள். இரண்டாம் படியில் வாங்கி வைத்த நம்பருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் எல்லோரும் சரிபார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். 'தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறோம், அதுவரை அனுப்பாதீர்கள்' என்று சொல்லப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: மறுப்பு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல எண்ணத்தோடு எழுதப்படும் மறுப்புகளில் பல பொய்யையே மறுபடி பரப்பிவிடுகின்றன. 'பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாகப் பரவும் செய்தி பொய்' என்று தொடங்கினால், வேகமாகப் படிக்கிறவர் மனதில் பிள்ளை பிடிக்கும் கும்பல்தான் நிற்கும். உண்மையை முதலில் சொல்லுங்கள்: 'நம் வட்டாரத்தில் இந்த மாதம் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை. ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்தோம்.' அடுத்த வரியில், சுற்றும் வீடியோ எங்கே எடுத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். முடிக்கும்போது மறுபடி உண்மை, கூடவே யாரைக் கேட்கலாம் என்ற நம்பர். பொய் வீடியோவைத் திரும்பப் போடாதீர்கள். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் குறுக்கே பெரிதாகப் 'பொய்' என்று எழுதிப் போடுங்கள்.

தைவான் அரசு இதைத் திறமையாகச் செய்கிறது. 2020 பிப்ரவரியில், முகக்கவசம் தயாரிக்க மூலப்பொருள் போய்விடுவதால் கழிவறைக் காகிதம் கிடைக்காது என்று அங்கே வதந்தி கிளம்பி, கடைகள் காலியாயின. பிரதமர் சூ செங்-சாங் தன் பின்புறத்தைக் காட்டி நிற்பது போன்ற கேலிச் சித்திரத்தை அவரே வெளியிட்டார். நம் ஒவ்வொருவருக்கும் இருப்பது ஒன்றுதான், எதற்கு இவ்வளவு வாங்குகிறீர்கள் என்பது அதன் செய்தி. காகிதத்துக்கான கூழ் தென் அமெரிக்காவிலிருந்து வருகிறது, முகக்கவசத்துக்கான பொருள் உள்நாட்டிலேயே கிடைக்கிறது என்ற விவரமும் அதிலேயே இருந்தது. சிரித்தவர்கள் பகிர்ந்தார்கள், பகிர்ந்ததோடு உண்மையும் போனது. பொருள் பதுக்கல் போன்ற விஷயங்களில் இந்த வழி நன்றாக வேலை செய்யும். உயிர்ப் பயம் உள்ள இடத்தில் சிரிப்பு வேண்டாம்.

குடும்ப குரூப்பில் மாமாவோ பெரியப்பாவோ தப்பான செய்தி போட்டால் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாகப் போன் போடுங்கள். 'மாமா, இதை யார் அனுப்பினாங்க? எனக்கும் பயமாதான் இருந்துச்சு, தேடிப் பார்த்தேன், இது மூணு வருஷம் முன்னாடி வேற மாநிலத்துல நடந்ததாம்' என்று தொடங்கினால் அவரே குரூப்பில் நீக்கிவிடுவார். அவர் நீக்கினால் நாம் நீக்கச் சொல்வதைவிடப் பத்து மடங்கு மதிப்பு. பெரியவர்கள் அனுப்புவது பெரும்பாலும் அக்கறையால். அந்த அக்கறையை அவமதித்தால் அடுத்த முறை நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

ஆறாம் படி: வருமுன் சொல்லுங்கள்

பொய் வந்த பிறகு மறுப்பதைவிட, இப்படி ஒரு பொய் வரலாம் என்று முன்பே சொல்லி வைப்பது பலன் தரும். 1960களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மெக்கயர் இதைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பொய்யின் தந்திரத்தைச் சிறிய அளவில் முன்கூட்டியே பார்த்தவர்கள் பெரிய அளவில் வரும்போது எளிதில் ஏமாறுவதில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு காலண்டர் போடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம்: ஏரி உடைந்தது, பள்ளி விடுமுறை என்று போலி அறிவிப்புகள் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றுகூடப் பரவி, பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியிருந்தது. ஹோலி, சத் பூஜை, தீபாவளிக்கு முன்: ரயில் நிலையக் கூட்டத்தைக் காட்டி ஏதாவது சொல்வார்கள். தேர்தலுக்கு முந்தைய 48 மணி நேரம்: குரல் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்னால் குரூப்பில் நாலு வரி போட்டு வையுங்கள்.

பள்ளிகளில் இதைச் செய்ய முடிந்தால் பலன் நீடிக்கும். பின்லாந்தில் இதற்குத் தனிப் பாடம் என்று ஒதுக்காமல் எல்லாப் பாடத்திலும் கலந்து நடத்துகிறார்கள். கணக்கு வகுப்பில் புள்ளிவிவரத்தை வளைப்பது எப்படி என்று வருகிறது, ஓவிய வகுப்பில் படத்தின் அர்த்தத்தை மாற்றுவது எப்படி என்று வருகிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறிய வகுப்பு எடுத்தார்கள். தடுப்பூசிக்கு எதிரான வாட்ஸ்அப் வதந்திகளால் அங்கே பெற்றோர் தயங்கியதுதான் அதற்கு ஒரு காரணம். உங்கள் ஊர்த் தலைமையாசிரியரிடம் மாதம் ஒரு வகுப்பு நேரம் கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: வந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம்

யார் என்ன செய்வது என்று முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் ஸ்கிரீன்ஷாட், லிங்க், வந்த நேரம், அனுப்பியவர் எண் எல்லாவற்றையும் சேமிக்கிறார். இருவர் சரிபார்க்கிறார்கள். ஒருவர் பட்டியலில் உள்ள நம்பிக்கையான ஆட்களுக்குப் போன் போடுகிறார். ஒருவர் மறுப்பை எழுதி, தேவைப்படும் மொழிகளில் குரல் பதிவாக்குகிறார். எழுத்தைவிடத் தெரிந்த குரல் வேகமாக வேலை செய்யும்.

எங்காவது கூட்டம் கூடிவிட்டால் போனை வைத்துவிட்டு 112க்கு அழையுங்கள். சரிபார்ப்பு அப்புறம். குறிவைக்கப்பட்டவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. தனியாகக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். ஊர்ப் பெரியவர்களில் இரண்டு பேரையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

பொது அமைதியைக் குலைக்கும் பொய்த் தகவலைப் பரப்புவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவில் குற்றம், ஃபார்வர்டு செய்தவரும் மாட்டலாம். இதைக் குரூப்பில் ஒருமுறை சொல்லி வையுங்கள். ஆனால் எதற்கெடுத்தாலும் கேஸ் என்று மிரட்டுவதை நான் ஏற்கவில்லை. மிரட்டலுக்குப் பயந்தவர்கள் பொய்யை நம்புவதை விட மாட்டார்கள், நமக்குத் தெரியாத குரூப்பில் பேசுவார்கள். அரசைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று அரசே தீர்ப்பு சொல்வதும் சரி இல்லை. மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு அப்படி அதிகாரம் கொடுத்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் குழுவும் எந்தக் கட்சிக்கும் அதிகாரிக்கும் சாய்ந்ததாக இருக்கக் கூடாது. அரசு சொன்னது தவறு என்றால் அதையும் அதே குரலில் சொல்லுங்கள். அப்போதுதான் நெருக்கடியில் உங்கள் பேச்சு எடுபடும்.

முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் குழு மறுபடி உட்கார வேண்டும். செய்தி முதலில் எந்தக் குரூப்பில் வந்தது, மறுப்பு எத்தனை மணி நேரம் கழித்துப் போனது, யாரை எட்டவில்லை, யார் போனை எடுக்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வதந்தியில் பெயர் அடிபட்டவர் வீட்டுக்கோ விடுதிக்கோ நேரில் போய் ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள். பொய் என்று நிரூபணம் ஆன பிறகும் அவர்களுக்குப் பயம் போக நாளாகும்.

இன்ஸ்பெக்டர், விஏஓ, மருத்துவர் எல்லோருக்கும் மாறுதல் வரும். தொழிலாளர்கள் கம்பெனி மாறுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டு, எடுப்பவர் அதே ஆள்தானா என்று பாருங்கள். ஆள் மாறியிருந்தால் புதியவரைப் போய்ப் பார்த்து, இரண்டாம் படியிலிருந்து அவரோடு தொடங்குங்கள்.